இறந்தவருக்கு இரண்டு சேனல்!

"உனக்குப் பொய் சொல்ல வருமா?"

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வராது சார்."

"தலைப்பு எழுத வருமா?"

"வரும் சார்."

"அப்ப போதும். மிச்சத்தை ஜனங்க பாத்துக்குவாங்க."

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'தலைப்பு' என்றாகிவிட்டது.

செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஒரே ஒரு ஹால். ஜன்னலோரம் இரண்டு மேஜைகள்.

இடது பக்க மேஜை... 'இடி'. ஆளுங்கட்சிக்காரர்கள் உயிரை விட்டுப் பார்க்கும் இணைய சேனல்.

வலது பக்க மேஜை... 'மின்னல்'. எதிர்க்கட்சிக்காரர்கள் சோறு தண்ணி இல்லாமல் பார்க்கும் இணைய சேனல்.

இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு குடிதண்ணீர் கேன். இரண்டுக்கும் ஒரே முதலாளி!

காலையில் இடி, மின்னலைப் பார்த்து 'துரோகிகள்!' என்று கத்தும். மத்தியானம் மின்னல், இடியைப் பார்த்து 'அடிமைகள்!' என்று திருப்பிக் கத்தும். இரண்டையும் எழுதுவது அவள்தான். தன்னைத் தானே திட்டிக்கொண்டு சம்பளம் வாங்கும் ஒரே பெண் இந்த உலகத்தில் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

'கண்ணை நம்பாதீர்! காதை நம்பாதீர்! இடியை மட்டுமே நம்புங்கள்!'

இது இடியின் முழக்கம். மின்னலுக்கும் இதே முழக்கம்தான். பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் அவளுடைய செல்போன் அடித்தது.

தம்பி!

"என்னடா?"

"அக்கா... நான் செத்துட்டேன்."

"வேலை நேரத்துல விளையாடாத. போனை வை."

"விளையாடலக்கா! காலையிலேர்ந்து லிஃப்ட் குழிக்குள்ள வேலை. உள்ள டவர் கிடையாது. இப்பதான் வெளிய வந்தேன். வாட்ச்மேன் என்னைப் பாத்ததும் நாற்காலியோட மல்லாந்துட்டார்!"

"ஏன்?"

"அவர் போன்ல என் போட்டோ! 'வெட்டிக் கொலை'ன்னு போட்டிருக்கு. தலைப்பைப் படிச்சேன். உன் கை மாதிரியே இருந்துச்சு."

"எ... என்ன தலைப்பு?"

"'பாலத்தில் ரத்த ஆறு! பதறுதே நெஞ்சம்!'"

காலையில் அவள் எழுதிய தலைப்பு!

விடிந்ததும் முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்ததை நினைத்துப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு களை!

"தலைப்பு! பாலத்து மேல செவப்பா கொட்டிக் கிடக்குதாம்!"

"விசாரிச்சுட்டேன் சார். லாரியில இருந்து பெயிண்ட் டப்பா விழுந்திருக்கு."

"பெயிண்டுக்கு எவனாவது அழுவானா?"

"மாட்டாங்க சார்."

"தேர்தல் வருது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பூரா ஆளுங்கட்சி. அந்தப் பக்கம் பூரா எதிர்க்கட்சி. நடுவுல செவப்பா ஏதோ கிடக்கு. கடவுளா பாத்துக் கொட்டினதை நாம பெயிண்ட்னு சொல்லலாமா? பாவம்மா அது!"

அவள் ரத்த ஆற்றை எழுதினாள். அதற்குக் கீழே, இடிக்கு 'ஆளுங்கட்சித் தொண்டர் வெட்டிக் கொலை!' மின்னலுக்கு 'எதிர்க்கட்சித் தொண்டர் வெட்டிக் கொலை!' பெயர் இல்லாத ஆள். ஊர் இல்லாத ஆள். இல்லாத ஆளைக் கொல்வதில் என்ன பாவம் என்று அவளும் மற்ற நாட்களைப் போலவே கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

படம் போடுவது அவள் வேலை இல்லை. அது கத்திரியின் வேலை.

வீடியோவை வெட்டி ஒட்டும் இளைஞனுக்கு அங்கே பெயர் கத்திரி. அவள் போனை வைத்துவிட்டு அவனுடைய நாற்காலியைப் பிடித்துத் திருப்பினாள்.

"செத்தவனுக்கு எந்தப் போட்டோவைப் போட்டே?"

"முகப் பெட்டியில இருந்து எடுத்தேன் மேடம்."

முகப் பெட்டி!

இணையத்திலிருந்து படம் எடுத்தால் சொந்தக்காரன் சண்டைக்கு வருகிறான். அதனால் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு முகத்தைக் கொண்டுவர வேண்டும். பழைய படம். அடையாளம் தெரியாத படம். அவையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். பிணம் தேவைப்படும்போது ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அவள் கொடுத்தது... டைபாய்டு வந்து தேறிய தம்பியின் படம். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, அப்போதே பாதி போனவன் மாதிரி இருப்பான்.

"எடுத்த படத்தை 'முடிந்தவை' பெட்டிக்கு மாத்தணும்ல?"

"அவசரத்துல மறந்துட்டேன் மேடம். இடிக்குப் போட்டேன். மின்னலுக்கும் அதே முகம் வந்துருச்சு." தலையைச் சொறிந்தான். "ஒரே ஆள்... ரெண்டு கட்சிக்கும் தியாகி ஆயிட்டார்."

"தியாகி இல்லடா... என் தம்பி!"

கத்திரி எழுந்து நின்றான். முதல் முறையாக அவன் கையில் மவுஸ் இல்லை.

அவள் கண்ணாடி அறைக்கு ஓடினாள்.

முதலாளி இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்திருந்தார்.

"அண்ணே... சாயங்காலம் ஊர்வலத்தை வெச்சுக்குங்க." இது ஆளுங்கட்சிக்கு.

"தலைவரே... சாயங்காலம் ஊர்வலத்தை வெச்சுக்குங்க." இது எதிர்க்கட்சிக்கு.

"சார்! ஒரே படம் ரெண்டு சேனல்லயும் போயிருச்சு!"

"அதனால என்ன? ரெண்டையும் பாக்குற ஒரு ஆள் இந்த ஊர்ல இருக்கானா? அப்படி ஒருத்தனைக் காட்டு. நான் சேனலை மூடிடறேன்."

"அது என் தம்பி சார். உயிரோட இருக்கான்!"

இரண்டு போனும் ஒரே சமயத்தில் காதிலிருந்து இறங்கின.

முதலாளி எழுந்து வந்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தது அதுவே முதல் முறை. அப்போதே அவள் பயந்திருக்க வேண்டும்!

"அடப்பாவமே... தம்பி இப்ப எங்கம்மா?"

"பாலத்துக்குப் பக்கத்துல, புதுசா கட்டுற ஆஸ்பத்திரியில..."

"அங்கயே இருக்கச் சொல்லு. ரெண்டு பக்கமும் ஜனங்க கொதிச்சுப் போயிருக்கு. வெளிய வந்தா 'எங்க தியாகி மாதிரி வேஷம் போட்டியா'ன்னு அடிச்சே கொன்னுடுவாங்க. நம்ம கம்முவை அனுப்பறேன். பத்திரமா வீட்டுல விட்டுடுவான்."

கம்மு... முதலாளியின் டிரைவர். மலை மாதிரி உடம்பு. பேச்சே கிடையாது. கேட்டால் தலையை ஆட்டுவான். கேட்காவிட்டால் அதையும் ஆட்ட மாட்டான். காரில் காத்திருக்கும் நேரமெல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பிக்குத் தகவல் சொல்லிவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். இப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

கொஞ்ச நேரம்தான்!

கண்ணாடி அறையிலிருந்து குரல் வந்தது.

"தலைப்பு! சாயங்காலத்துக்கு ஒண்ணு எழுதி வை. 'தியாகியின் உடல் ஆற்றில் மிதந்தது!' கொஞ்சம் உருக்கமா."

நடப்பதற்கு முன்பே எழுதி வைப்பது அந்த அலுவலகத்தின் பழக்கம்தான். ஆனாலும் அவளுக்கு என்னவோ செய்தது.

"உடம்பு யாரோடது சார்?"

"ஏதோ அனாதைப் பிணம். ஏற்பாடு பண்ணியாச்சு. நீ எழுது."

கத்திரி மெதுவாக அவள் பக்கம் குனிந்தான்.

"மேடம்... எனக்கு ஒண்ணு புரியல. ஆத்துல மிதக்குற படத்துக்கு இடம் விட்டு வைக்கச் சொன்னார். முகம் தெளிவா இருக்குமாம். படத்தைக் கம்மு அனுப்புவானாம்."

"கம்முவா? அவன் தம்பியை வீட்டுக்குல்ல கூட்டிட்டுப் போறான்..."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

தம்பியைக் கூப்பிட்டாள்.

'நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது...'

அடுத்து போலீஸ் ஸ்டேஷன்.

"சார்! என் தம்பியைக் கொல்லப் போறாங்க!"

"தம்பி யாரும்மா?"

"பாலத்துல செத்துட்டதா நியூஸ்ல வந்துச்சே... அவன்தான் சார்!"

"அடடா... அவரோட அக்காவா!" அந்தக் குரல் குழைந்தது. "மின்னல்ல பாத்தேம்மா. சாப்பாடே இறங்கல."

"அவன் சாகல சார்! உயிரோட இருக்கான்!"

"அப்படித்தாம்மா தோணும். எங்க அப்பா போனப்போ எனக்கும் நம்பவே முடியல. பக்கத்துல யாராவது இருந்தா சூடா ஏதாவது குடிக்கக் குடுக்கச் சொல்லுங்க."

டொக்!

சுவரில் இருந்த டி.வி.யில் பாலம் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முனையில் ஒரு கூட்டம். அந்த முனையில் ஒரு கூட்டம். இரண்டு கூட்டமும் அவள் தம்பியின் படத்தைத் தூக்கிப் பிடித்திருந்தன. இரண்டு கூட்டத்தின் கையிலும் கட்டை. நடுவில் பெயிண்ட் தன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு சேனலின் சாவியும் அவள் கையில்தான். அவள் உண்மையைத் தட்டினாள்.

'பாலத்தில் யாரும் கொல்லப்படவில்லை. அங்கே கிடப்பது பெயிண்ட். படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார்.'

அவள் வாழ்க்கையில் ஆச்சரியக்குறி இல்லாமல் எழுதிய முதல் செய்தி. இடியிலும் போட்டாள். மின்னலிலும் போட்டாள்.

பதில்கள் குவிந்தன.

'எவ்வளவு வாங்கினாய்?'

'தியாகியைக் கொச்சைப்படுத்தாதே!'

'இடிக்குள் எதிர்க்கட்சிக்காரன் புகுந்துவிட்டான்!'

'மின்னலுக்குள் ஆளுங்கட்சிக்காரன் புகுந்துவிட்டான்!'

'பெயிண்டாம்... உன் வீட்டில் ரத்தம் என்ன நிறம்?'

"மேடம்..." என்றான் கத்திரி பரிதாபமாக. "நாம வளத்த ஜனங்க. இப்ப போய் உண்மையைக் குடுத்தா செரிக்குமா?"

அவள் கண்ணாடி அறையின் கதவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தையே பார்த்தாள். முதலாளியின் படம். 'உண்மையின் காவலர்' விருது வாங்கும் காட்சி. விருதை ஏற்பாடு செய்ததும் அவர்தான், கொடுத்ததும் அவர்தான், வாங்கியதும் அவர்தான்.

"கத்திரி... அந்தப் போட்டோ உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"கறுப்பு வெள்ளை ஆக்கு."

கத்திரி அவளைப் பார்த்தான். கண்ணாடி அறையைப் பார்த்தான்.

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும்தான். மறந்து போட்டதை இப்ப ஞாபகத்தோட போடு."

அவள் விரல்கள் பறந்தன.

'ஐயோ! தவறான படத்துக்கு மன்னிப்பு! இறந்தது தொண்டர் அல்ல... எங்கள் நிறுவனர்! பாலத்துப் பெயிண்டில் வழுக்கி விழுந்த மாமனிதர்! இடி ஓய்ந்தது!'

மின்னலுக்கு ஒரே ஒரு மாற்றம். 'மின்னல் அணைந்தது!'

தட்டினாள்.

செய்தி பரவிய வேகத்தில் காட்டுத்தீ தோற்றது!

'நெஞ்சு வெடிக்கிறதே!' 'அவர் இல்லாத உலகமா?' 'நேற்றுதான் அவர் கையைக் குலுக்கினேன்!' அவர் கையை ஒருநாளும் குலுக்காதவர்கள் எல்லாம் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

டி.வி.யில் பாலம். கட்டைகள் மெல்ல இறங்கின. இரண்டு முனையிலும் தலை குனிந்து மௌன அஞ்சலி! அது முடிந்ததும் புதுச் சண்டை ஆரம்பித்தது. பெயிண்ட் லாரி எந்தக் கட்சிக்காரனுடையது என்று. ஆனால் அதற்குக் கட்டை தேவைப்படவில்லை. அவரவர் போனை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

'தம்பி... தம்பி...' அவள் மனசு அடித்துக்கொண்டது. செய்தி ஆற்றங்கரையை எட்டியிருக்குமா? எட்டும்போது அவன்...

கண்ணாடி அறையின் கதவு திறந்தது. முதலாளி வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். கையில் போன்.

"அண்ணே! நான்தாண்ணே பேசறேன்! சாகல!"

மறுமுனை ஊர் கேட்கக் கத்தியது. "யார்ரா நீ? செத்தவர் குரலைக் கம்ப்யூட்டர்ல செஞ்சு பேசறியா? போன வாரம்தான் இடியில எச்சரிச்சாங்க! 'போனில் வருவது மனிதனா, போலிக் குரலா?'ன்னு!"

அதையும் எழுதியது அவள்தான்.

அடுத்தது, வீட்டுக்கு.

"அழாதடி! நான் உயிரோடதான் இருக்கேன்!"

"எங்க வீட்டுக்காரர் மாதிரியே பேசாதீங்க, பாவம் சும்மா விடாது!" என்று விம்மியது ஒரு குரல். "ரெண்டு சேனல்லயும் போட்டுட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பி வந்துட்டிருக்காங்க!"

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"கம்மு! சேனல்ல வந்தது பொய்டா! போன வேலையை முடிச்சிட்டியா?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

பிறகு, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல். அழுது கரகரத்த குரல்.

"முதலாளி போயிட்டாரு..."

"டேய்! முதலாளிதாண்டா பேசறேன்!"

"செத்தவர் குரல்ல பேசறியே... நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

டொக்!

முதலாளி போனைப் பார்த்தார். போன் அவரைப் பார்த்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கனமான காலடி. கூடவே இன்னொரு காலடி. கொஞ்சம் தடதடவென்று... வேலைக்குப் போகும் பூட்ஸ் போட்ட காலடி.

"அக்கா!"

உடம்பெல்லாம் கிரீஸ் கறையோடு தம்பி!

அவள் ஓடிப்போய் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். அப்புறம் கட்டிக்கொண்டாள். எது முதலில் செய்ய வேண்டியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆத்தங்கரையில வண்டியை நிறுத்திட்டார்க்கா. போனை அப்பவே பிடுங்கிட்டார். 'அண்ணே, என்ன பண்ணப் போறீங்க'ன்னு கேட்டேன். 'ரெண்டு சேனல்லயும் செத்தாச்சு. இப்ப ஆத்துல போட்டா அது கொலை இல்ல, அடக்கம்'ங்கிறார்!"

"கடவுளே... அப்புறம்?"

"அவர் போன் ரெண்டு தடவை சிணுங்குச்சு. பாத்தார். அப்படியே மண்ணுல உக்காந்து அழுதார். 'மன்னிச்சிரு தம்பி, செத்தது நீ இல்லையாம்'னு என் சட்டையில இருந்த மண்ணைத் தட்டி விட்டார். நான்தான் கண்ணைத் துடைச்சு விட்டேன். வர்ற வழியில மாலை வாங்கினோம். பேரம் பேசினது நான்!"

தம்பிக்குப் பின்னால் கம்மு நின்றான். தோளில் ஆள் உயர மாலை. கண் இரண்டும் கோவைப்பழம்.

கம்முவின் பார்வை கண்ணாடி அறையின் வாசலில் போய் நின்றது.

அங்கே முதலாளி!

"கம்மு! பாத்தியா? உயிரோட நிக்கறேன் பாரு!"

கம்மு அவரைப் பார்த்தான். செல்போனைப் பார்த்தான். இடியைத் திறந்தான். மின்னலைத் திறந்தான். மறுபடி அவரைப் பார்த்தான்.

கண்ணீர் நின்றது. முகத்தில், பாதியில் விட்ட வேலை ஞாபகத்துக்கு வந்தவனின் களை.

"ரெண்டு சேனலும் சொல்லிருச்சு முதலாளி."

"அது... அது பொய்டா!"

"ஒண்ணு சொன்னா பொய்யா இருக்கலாம். ரெண்டு எதிரியும் ஒண்ணா சொன்னா அது எப்படிப் பொய்யாகும்?" அவன் மாலையைப் பக்குவமாக மேஜை மேல் வைத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான். "வண்டி கீழதான் நிக்குது."

"தலைப்பு!" முதலாளி அலறினார். "நான் உயிரோட இருக்கேன்னு ஒண்ணு போடும்மா!"

"ஏற்கெனவே ஒருத்தனுக்குப் போட்டுப் பாத்தேன் சார். 'எவ்வளவு வாங்கினே'ன்னு கேக்கறாங்க."

"இவனாவது நம்புற மாதிரி..."

"ரெண்டையும் பாக்குற ஒரு ஆளைக் காட்டச் சொன்னீங்களே சார்." அவள் கம்முவைக் கையால் காட்டினாள். "இவர்தான். சேனலை மூடிடறேன்னீங்க."

தம்பி கம்முவின் முன்னால் போய்க் குறுக்கே நின்றான். "அண்ணே, அழுது களைச்சுப் போயிருக்கீங்க. முதல்ல உக்காருங்க. அடக்கத்தை நாளைக்கு வெச்சுக்கலாம்."

கம்மு கொஞ்சம் யோசித்தான். உட்கார்ந்தான். ஆனால் கண்ணை முதலாளியிடமிருந்து எடுக்கவில்லை.

முதலாளி ஓசைப்படாமல் நகர்ந்தார். கத்திரியின் மேஜையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பின்பக்கப் படிக்கட்டின் கதவில் கை வைத்தார்.

"சார்..." என்று கூப்பிட்டாள் அவள்.

ஹெல்மெட் திரும்பியது.

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு முதல்ல ஒரு கேள்வி கேட்டீங்களே. இப்ப நல்லா வருது சார்."

ஹெல்மெட்டுக்குள் வாய் திறப்பது தெரிந்தது. மூடுவதும் தெரிந்தது. கதவு திறந்து, படியில் காலடிகள் ஒவ்வொன்றாக இறங்கித் தேய்ந்தன.

ஒரு வார்த்தை பேசவில்லை மனிதர்.

இறந்தவர்கள் பேசக் கூடாது என்ற நாகரிகம் தெரிந்தவர்!